உண்ணி கடித்தால் லைம் நோய் வருமா? நியூ ஜெர்சிக்கு ஒரு பதில், மடிப்பாக்கத்துக்கு வேறு பதில்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் குடும்பம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. ஆறு வயதுப் பேரனைக் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பில் ஒரு உண்ணி ஒட்டியிருந்ததைப் பார்த்து மருமகள் எடுத்திருக்கிறார். அங்கே டாக்டர், உண்ணியால் பரவும் லைம் நோய் வராமல் தடுக்க என்று ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து அனுப்பிவிட்டாராம். ரத்தப் பரிசோதனைகூடச் செய்யவில்லையே, ஒரு வேளை மருந்து எப்படிப் போதும் என்பது முதல் கேள்வி. இங்கே மடிப்பாக்கம் வீட்டு நாய்க்கும் உண்ணி இருக்கிறது. அதனால் நமக்கும் லைம் நோய் வருமா, நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறாராம். அது இரண்டாவது. மே மாதம் இருவரும் ஆறு மாதத்துக்கு அங்கே போகிறார்கள், எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்பது மூன்றாவது.

30 வருடமாகச் சென்னையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் இங்கே என்று வாழும் குடும்பங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. இந்த மூன்று கேள்விகளும் ஏதாவது ஒரு வடிவத்தில் வருடா வருடம் காதில் விழுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் 'உண்ணி' என்ற சொல். தமிழில் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல உயிரினங்களைச் சொல்கிறோம். நாயின் காது மடலில் ஒட்டியிருப்பதும் உண்ணி, மாட்டு மடியில் தொங்குவதும் உண்ணி, அமெரிக்கக் காட்டில் இருப்பதும் உண்ணி. செய்தித்தாள்களில் வருடக் கடைசியில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருகிறதே, அதைப் பரப்புவதோ கண்ணுக்கே சரியாகத் தெரியாத வேறொரு சிற்றுயிர். இவற்றில் எதுவுமே பூச்சி இனம் அல்ல, எட்டுக்கால் கொண்ட சிலந்தி, தேள் வகையறா. ஆனால் ஒன்று கடத்துகிற கிருமியை இன்னொன்று கடத்தாது. 'உண்ணி கடித்துவிட்டது' என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது 'எந்த ஊரில்' என்றுதான். அந்தப் பதிலில் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

லைம் என்பதும் ஒரு ஊரின் பெயர்தான். எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம், ஓல்ட் லைம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிற்றூர்கள். 1970களில் அங்கே குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. குழந்தைப்பருவ மூட்டுவாதம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே தெருவில் இத்தனை பேருக்கு எப்படி வரும் என்று விடாமல் கேட்டவர்கள் அங்கிருந்த தாய்மார்கள். அவர்களில் பாலி மரே என்பவர் தன் குடும்பத்தினருக்கு வந்த தொந்தரவுகளை எல்லாம் வருடக்கணக்காக எழுதி வைத்திருந்தார். 1975ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அங்கே ஆய்வைத் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலுக்குள் சுருள் வடிவக் கிருமி ஒன்றைப் பார்த்தார். அவர் பெயராலேயே அதற்கு பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர் வந்தது. ஒரு தாயின் குறிப்பேடு இல்லாவிட்டால் இது இன்னும் எத்தனை வருடம் தள்ளிப்போயிருக்குமோ. நோயாளி தேதி போட்டு எழுதிக்கொண்டு வந்தால் நான் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படிப்பேன்.

இந்தக் கிருமியைப் பரப்புவது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கறுங்கால் உண்ணி. மான் உண்ணி என்றும் சொல்வார்கள். அதன் ஆயுள் சுமார் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அதற்கு மூன்றே வேளைச் சாப்பாடு. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு முதலில் எலி போன்ற ஒரு சிறு பிராணியிடம் ரத்தம் குடிக்கும். பிறக்கும்போது அதனிடம் லைம் கிருமி இருக்காது. வெள்ளைக்கால் எலி என்று அங்கே ஒரு காட்டெலி உண்டு, பெரும்பாலும் அதனிடமிருந்துதான் கிருமி உண்ணிக்குள் போகிறது. அடுத்த வருடம் எட்டுக்கால் முளைத்து இளம் உண்ணியாகி, மே முதல் ஜூலை வரை இரண்டாவது சாப்பாட்டுக்காகப் புல் நுனியில் காத்திருக்கும். அப்போது அதன் உருவம் நம் வீட்டுக் கசகசா அளவுதான். மனிதர்களுக்கு நோய் தருவது அதிகமும் இந்தக் கசகசாதான், ஏனென்றால் கண்ணில் படாது. அதன் எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பதால் கடித்ததும் தெரியாது. அது குதிக்காது, பறக்காது. முன்கால்களை நீட்டியபடி நிற்கும். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் அந்தக் கால்களில் உள்ள ஒரு உறுப்பால் உணர்ந்து, உரசிப் போகும் காலிலோ துணியிலோ தொற்றிக்கொள்ளும்.

ஒரு வேளை மருந்து எப்படிப் போதும் என்ற கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. லைம் கிருமி உண்ணியின் குடலில் உறங்கிக்கொண்டிருக்கிறது. சூடான ரத்தம் உள்ளே வந்த பிறகுதான் விழித்து, தன் மேலுறையை மாற்றிக்கொண்டு, குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்கு நகர்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒட்டிய 24 மணி நேரத்துக்குள் உண்ணியை எடுத்துவிட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 36 மணி நேரம் தாண்டி ஒட்டியிருந்தால், ரத்தம் குடித்து உப்பியிருந்தால், லைம் அதிகமாக உள்ள பகுதியாகவும் இருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரே ஒரு வேளை கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்றபடி. இது நோய்க்கான சிகிச்சை அல்ல, நோய் வேரூன்றுமுன் கிள்ளி எறிவது. நியூயார்க் மாநிலத்தில் செய்து 2001ல் வெளியான ஒரு ஆய்வில், மருந்து எடுக்காதவர்களில் 100க்கு சுமார் 3 பேருக்குத்தான் கடித்த இடத்தில் லைமின் அடையாளமான தடிப்பு வந்தது. ஒரு வேளை மருந்து எடுத்தவர்களில் அது 100க்கு அரைப் பேருக்கும் குறைவு. மருந்தே இல்லாமலும் 97 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ரத்தப் பரிசோதனை செய்யாததும் சரிதான். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரம் ஆகும். கடித்த மறுநாள் எடுத்தால் 'இல்லை' என்றுதான் வரும். ஆக உங்கள் பேரனைப் பார்த்த டாக்டர் சரியாகவே செய்திருக்கிறார். சிறு குழந்தைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல்லில் கறை விழும் என்று ஒரு பழைய பயம் உண்டு. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். குறுகிய நாட்கள் கொடுத்தால் அப்படி ஆவதில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

இனி ஒரு மாதம் அந்தப் பையனின் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

உண்ணி எடுத்த இடத்தில் ஓரிரு நாளில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிற சிவப்புத் தடிப்பு வந்து, தானே அடங்கும். அது கொசுக்கடி மாதிரியான எரிச்சல்தான், லைம் அல்ல. லைம் தடிப்பு 3 நாளிலிருந்து 30 நாளுக்குள், பொதுவாக ஒரு வாரம் கழித்துத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் விரியும். 5 சென்டிமீட்டரைத் தாண்டி உள்ளங்கை அளவு, அதற்கும் மேலே போகும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. நடுவில் வெளுத்து ஓரத்தில் வளையமாக இருக்கும் என்று படங்களில் காட்டுவார்கள். ஆனால் நிறையப் பேருக்கு வளையமே இல்லாமல் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். நோய் வந்தவர்களில் 100க்கு 70, 80 பேருக்கு இந்தத் தடிப்பு வருகிறது. மீதிப் பேருக்குத் தடிப்பே இல்லாமல் காய்ச்சல், உடம்பு வலி, அசதி என்று தொடங்கலாம்.

இதில் இரண்டு சிக்கல். படங்களில் உள்ளவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். நம் தோலில் அது சிவப்பாகவே தெரியாமல் போகலாம். கன்றிப்போனது போல, ஊதா கலந்த கருமையாகத் தெரியும். ஆகவே நிறத்தை நம்பாமல் அளவை நம்புங்கள். பேனாவால் ஓரத்தைக் கோடிட்டு, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது சிக்கல் படர்தாமரை. அமெரிக்கா போய்த் திரும்பி வந்தவர் தொடையில் ஒரு வளையத்தைக் காட்டினால், சென்னையில் யாரும் முதலில் படர்தாமரை என்றுதான் நினைப்பார்கள். இந்த ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது தினமும் பார்க்கிற நோய். மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தடிப்பு சில வாரத்தில் தானாகவே மறையும், களிம்பால் சரியானது என்று நினைத்துக்கொள்வோம், கிருமி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். படர்தாமரை அரிக்கும், ஓரம் சொரசொரப்பாகச் செதில் விட்டிருக்கும், மெதுவாக வளரும். லைம் தடிப்பு வழவழப்பாக இருக்கும், வேகமாக விரியும், அரிப்பு குறைவு. விரலால் தடவிப் பார்த்தாலே பல சமயம் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தடிப்பைத் தவறவிட்டால் சில வாரம் கழித்து உடம்பில் வேறு இடங்களிலும் தடிப்புகள் வரலாம். முகத்தில் ஒரு பக்கம், சில சமயம் இரண்டு பக்கமும் வாதம் வரலாம். கழுத்து விறைப்போடு தலைவலி, நரம்பில் சுரீர் என்று வலி வரலாம். முகம் கோணிவிட்டால் லைமாக இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள், பக்கவாதம் இல்லை என்று முதலில் உறுதி செய்யவேண்டும். சிலருக்கு இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு நாடி மெதுவாகும், தலைசுற்றும், மயக்கம் வரும். பெற்றோர் வயதுக்காரர்கள் அதைப் பிரஷர் மாத்திரையின் வேலை என்று நினைத்து மாத்திரையைக் குறைத்துக்கொள்வார்கள். உண்ணி உள்ள ஊரில் இருக்கும்போது இப்படி வந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும். பல மாதம் கழித்து வருவது மூட்டு வீக்கம், அதுவும் பெரும்பாலும் முழங்கால். ஓல்ட் லைம் குழந்தைகளுக்கு வந்தது இதுதான்.

சிகிச்சை எளிது. தடிப்பு நிலையிலேயே பிடித்துவிட்டால் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை மாலை, 10 நாள். கர்ப்பிணிகளுக்கும், டாக்ஸி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அமாக்ஸிசிலின் அல்லது செஃபுராக்ஸிம் 14 நாள். முகவாதம் என்றால் இரண்டு மூன்று வாரம், மூட்டு வீக்கம் என்றால் நான்கு வாரம். இதயமோ மூளையோ கடுமையாகப் பாதிக்கப்பட்டால் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி. எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். டாக்ஸி போடும்போது நிறையத் தண்ணீர் குடியுங்கள், போட்டவுடன் படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும்.

மருந்து முடிந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் அசதியும் வலியும் இருக்கும். அது கற்பனை அல்ல, அவர்கள் உண்மையிலேயே கஷ்டப்படுகிறார்கள். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் போட்டுப் பார்த்த முறையான ஆய்வுகளில் நீடித்த பலன் எதுவும் கிடைக்கவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. இணையத்தில் இதைப் படித்துவிட்டு, அமெரிக்காவுக்கே போகாதவர்கள் சென்னையில் கைகால் வலிக்கு லைம் பரிசோதனை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். நான் எழுதுவதில்லை. லைம் இல்லாத ஊரில் அந்தப் பரிசோதனை 'உண்டு' என்று காட்டினால் அது பெரும்பாலும் தவறான 'உண்டு' ஆகத்தான் இருக்கும். இந்த ஊரில் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டு வலித்தால் முதலில் நினைக்கவேண்டியது சிக்குன்குனியா.

சரி, மடிப்பாக்கம் நாய்க்கு வருவோம்.

அதன் மேல் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்துச் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருக்கும். இந்த உண்ணி லைம் கிருமியைக் கடத்துவதில்லை. ஆகவே உங்கள் நாயால் உங்களுக்கு லைம் வராது. கிண்டியில் இவ்வளவு மான் இருக்கிறதே, ஐ.ஐ.டி. வளாகத்திலும் திரிகிறதே, அங்கே மான் உண்ணி இருக்காதா என்று வேறொருவர் முன்பு கேட்டார். நல்ல கேள்வி. மான் உண்ணி என்று அமெரிக்காவில் சொல்லும் அந்த இனம் இந்தியாவில் கிடையாது. அங்கேயும்கூட மான் அந்த உண்ணிக்குக் கடைசிச் சாப்பாடு போடுகிறதே தவிர, கிருமியைக் கொடுப்பது எலிதான். கலிஃபோர்னியாவில் இன்னொரு விஷயம் உண்டு. அங்கே உள்ள ஒரு வகை வேலி ஓணானின் ரத்தத்துக்கு லைம் கிருமியைக் கொல்லும் சக்தி இருக்கிறது. அந்த ஓணானிடம் குடித்த இளம் உண்ணி கிருமி நீங்கிச் சுத்தமாகிவிடுகிறது. அங்கே லைம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இந்தியாவில் லைம் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். இமயமலைப் பக்கத்திலிருந்தும், வயநாடு போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரங்களிலிருந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அதே மலைக்காடுகளில் உண்ணி பரப்பும் இன்னொரு நோய் குரங்குக் காய்ச்சல். 1957ல் கர்நாடகத்தின் க்யாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்டது. அது வைரஸ், டாக்ஸிசைக்ளின் வேலை செய்யாது. முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தால் எங்கே போனார் என்பதை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

சென்னைக்காரர்கள் உண்மையில் பயப்படவேண்டிய உண்ணி வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சில வருடத்துக்கு முன்பு ஒரு நவம்பரில், மாங்காடு பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். ஒன்பது நாளாகக் காய்ச்சல். ஒரு மருத்துவமனையில் டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை என்று சொல்லி, செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. நர்ஸை உடன் வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் பார்த்தேன். பாவாடை நாடா இறுக்கிக் கட்டும் இடுப்பு மடிப்பில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் அவருக்கே தெரியாது. அதுவரை அவரைப் பரிசோதித்த யாரும் அந்த மடிப்பை விலக்கிப் பார்க்கவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். டாக்ஸிசைக்ளின் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதைத்தான் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. புதரிலும் புல்லிலும் உள்ள ஒரு நுண்ணிய சிலந்திப்பேனின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் முடியும் வரை அதிகம். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர் மாவட்டங்களிலும் சென்னையின் ஓரங்களிலும் வருடா வருடம் பார்க்கிறோம். காலி மனையில் உண்ணிச்செடிப் புதர் மண்டியிருக்கும் இடம், வயல் வரப்பு, கழிவறை இல்லாமல் புதர் மறைவுக்குப் போகும் இடம் எல்லாம் அதன் வீடு. ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலோடு கடுமையான தலைவலி இருந்தால் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். கறுப்புப் பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, ஆனால் இருந்தால் அதைவிட நல்ல துப்பு வேறில்லை. ரத்தத்தில் ஐஜிஎம் எலைசா பரிசோதனை ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு நன்றாகக் காட்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம். கவனிக்கவேண்டியது, லைமுக்குக் கேட்கிற அமாக்ஸிசிலினும் செஃப்ட்ரையாக்ஸோனும் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின்தான். முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் பக்கத்து மருத்துவமனை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நாய் உண்ணியும் முழுக்க அப்பாவி அல்ல. இந்திய உண்ணி டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் அதனால் வரும். உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பெங்கும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், குழந்தைகளுக்கு அதிகம். அதற்கும் டாக்ஸிதான் மருந்து. அதனால் உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள், ரத்தம் கையில் படும். நாய்க்கோ அது இன்னும் பெரிய எதிரி. எர்லிக்கியா, பபேசியா என்று ரத்தத்தைக் கெடுக்கும் காய்ச்சல்கள் நாய்க்கு உண்ணியால்தான் வருகின்றன. சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, போகலாம்.

உண்ணியை எடுக்கும் முறை எந்த ஊரிலும் ஒன்றுதான். அதன் வாயில் முள் முள்ளாக இருக்கும், சில வகை பசை போன்ற ஒன்றையும் சுரந்து ஒட்டிக்கொள்ளும். நுனி மெல்லிய இடுக்கியால் உடலைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே மெதுவாக, விடாமல் இழுக்கவேண்டும். வாய்நுனி உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் குடையவேண்டாம், தோல் தானே தள்ளிவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது, வாஸலின் பூசுவது எல்லாம் வேண்டாம். எரிச்சல்படும் உண்ணி உள்ளே இருப்பதைக் கக்கக்கூடும். அது தானாகக் கழன்று விழட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குத்தான் லாபம். எடுத்ததை ஒரு செல்லோடேப்பில் ஒட்டித் தேதி எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும்.

இப்போது உங்கள் பயணம். மே முதல் அக்டோபர் என்று நம் பெற்றோர்கள் போகும் காலத்துக்குள் அந்தக் கசகசா உண்ணியின் மே முதல் ஜூலை வரையான காலம் அப்படியே அடங்கிவிடுகிறது. குளிருக்குப் பயந்து வேறு மாதம் போகவும் முடியாது. நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேலே விஸ்கான்சின், மினசோட்டா எல்லாம் லைம் அதிகமுள்ள மாநிலங்கள். டெக்ஸாஸில் மகன் இருக்கிறார் என்றால் இவ்வளவு கவலை தேவையில்லை. நடுவெயில் படும் வெட்டிய புல்வெளியில் உண்ணி குறைவு. கொல்லைப்புறம் காட்டைத் தொடும் ஓரம், சருகுக் குவியல், விறகு அடுக்கு, கல் சுவர் இவைதான் எலியும் உண்ணியும் சேரும் இடம். பொழுது போகவில்லை என்று அங்கே உட்கார்ந்து களை பிடுங்கும் அம்மாக்களைத்தான் நான் அதிகம் எச்சரிக்கிறேன். புடவையோடு செய்யாதீர்கள். வெளிர் நிறப் பேன்ட் போட்டு, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், ஏறும் உண்ணி தெரியும். தோலில் பூச, டீட் அல்லது பிகாரிடின் கலந்த உண்ணி விரட்டும் மருந்து அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்து துணிக்கும் காலணிக்கும் மட்டும்தான், தோலில் அடிக்கக்கூடாது.

உள்ளே வந்ததும் போட்டிருந்த துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். துவைப்பதில் தப்பித்தாலும் உலர்ந்த சூட்டில் உண்ணி பிழைக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, முழங்கால் பின்புறம், இடுப்பு, தொப்புள், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். கண்ணாடி போட்டாலும் கசகசாவைக் கண் தவறவிடும், விரல் நுனி தவறவிடாது. முதுகைக் கணவர் பார்க்கட்டும், அவர் முதுகை நீங்கள் பாருங்கள். உண்ணி கிடைத்தால் இன்ஷூரன்ஸ் செலவை யோசித்து மூன்று நாள் தள்ளிப்போடாதீர்கள், 72 மணி நேரக் கணக்கு அதற்குள் முடிந்துவிடும். சென்னை திரும்பி ஒரு மாதத்துக்குள் தடிப்போ காய்ச்சலோ முகவாதமோ வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமே 'நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு வந்தேன்' என்பதாக இருக்கட்டும். முழங்கால் வீக்கம் ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதைச் சொல்லுங்கள்.

நாயை யாருக்கும் கொடுக்கவேண்டாம். மருத்துவரிடம் காட்டி அதன் எடைக்கேற்ற மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ வாங்கி, தேதி தவறாமல் கொடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம், வீட்டில் பூனை இருந்தால் அதைச் சொல்லி வாங்குங்கள். ஆனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் உண்ணி போகாது. ரத்தம் குடித்து முடித்ததும் பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, ஜன்னல் சட்டத்து இடுக்கிலும் தரை விரிசலிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சுவர் விரிசல்களை சிமென்ட் பூசி அடையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத ஆறு மாதமும் யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவரிடம், அடுத்த மருந்துத் தேதியை காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.